வெண்படலமும் புரதக்குறியும்: மலையகத்திற் புற்றுநோய்க்கு முந்திய நிலையின் வரலாறு

மலையகத்துப் பெண் தொழிலாளியின் இடுப்பிற் செருகப்பட்டிருக்கும் சுருக்குப்பை வரலாற்று ஆராய்ச்சிக்குரிய சான்றுப்பொருளாகப் பெரும்பாலும் கொள்ளப்படுவதில்லை. செக்றோல் புத்தகமும் துண்டுப் பற்றுச்சீட்டும் கங்காணியின் கடன் கணக்கும் ஆவணங்களாகக் கருதப்படுகின்றன. நாலு வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு டப்பி, சிறு புகையிலைத் துண்டு ஆகியவற்றைத் தாங்கிய அந்தப் பையோ, அவளது மறைவுக்குப்பின் வேறொருத்தியின் இடுப்புக்குச் சென்றுவிடுகின்றது. ஆயினும் ஒரு சமூகத்தின் உடல்நல வரலாற்றை எழுதப் புகுவோருக்கு அப்பையைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

புற்றுநோய் ஒரு நாளிற் தோன்றுவதன்று. உடலிழையம் புற்றாக மாறுமுன்னர்ப் பல ஆண்டுகள், சில வேளைகளிற் பல பத்தாண்டுகள், ஓர் இடைநிலையில் நிற்கின்றது. நோயாளிக்கு அது நோயாகத் தோன்றுவதில்லை. மருத்துவனுக்கோ அது எச்சரிக்கை. அவ்விடைநிலையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களைத் தேடுவதே இன்றைய நோயியலின் பெருமுயற்சிகளுள் ஒன்றாகும். கண்ணாற் காணத்தக்க வெண்படலம் தொடக்கம், நுணுக்குக்காட்டியின்கீழ்ச் சாயமிட்டே காணத்தக்க புரதம் வரை அவ்வடையாளங்கள் பலவகைப்படும். இத்தேடல் மலையகத் தொழிலாளரின் வாயை எவ்வாறு வந்தடைந்தது, வந்தடைந்தபின் என்ன நிகழ்ந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெற்றிலை போடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கோவலன் உணவு உண்டபின் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளிக்கும் காட்சியைச் சிலப்பதிகாரம் கொலைக்களக் காதையிற் காட்டுகின்றது. இலங்கைக்கும் இவ்வழக்கத்துக்குமுள்ள தொடர்போ வணிகத் தொடர்பு. கண்டி இராச்சியத்துக் கமுகஞ் சோலைகளிலிருந்து பாக்கு சோழமண்டலக் கரைக்குச் சென்றது. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வாணிகத்தைத் தம் கைக்குட் கொள்ள அவர்கள் பெரிதும் முயன்றனர். ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளினின்றும் மன்னார் வழியாக நடந்து வந்த மக்கள், தம் முன்னோர் மென்ற பாக்கு வந்த வழியையே எதிர்த்திசையில் மிதித்தனர் எனலாம்.

கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களே பின்னர்த் தேயிலைக்கு உரியவராயினர். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத்திற் தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பி இலைநோய் தோன்றியது. அதன்பின் நிகழ்ந்த மாற்றம் யாவரும் அறிந்ததே. ஆனால் வெற்றிலை வழக்கத்தைப் பொறுத்தவரை இம்மாற்றத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கோப்பி பருவப் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் விடியற்காலைக் குளிரிற் பிரட்டுக்களத்தில் நின்று, பனியில் நனைந்த மலையேறி, இரு கைகளாலும் கொழுந்து பறிப்பவள் புகைபிடிக்க இயலாது. இடையில் உண்ணவும் இயலாது. வாயில் அடக்கிய வெற்றிலை பசியை ஆற்றும், குளிரைத் தணிக்கும், கைகளுக்கு வேலையின்றியே நாள் முழுவதும் துணை நிற்கும். ஊரில் உணவுக்குப்பின் மங்கலப் பொருளாயிருந்தது மலையில் வேலைக்கருவியாயிற்று. இவ்வேறுபாட்டை உணராது 'அறியாமையால் வந்த கெட்ட பழக்கம்' என்று பேசுவோர், அப்பழக்கத்தை நாள்தோறும் புதுப்பித்த வேலைமுறையைக் காணத் தவறிவிடுகின்றனர்.

தோட்டங்களில் மருத்துவம் எவ்வாறு புகுந்தது என்பதை இனி நோக்கவேண்டும். வந்த வழியிலும் வந்த இடத்திலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தோர் பலர். 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது திருத்தியமைக்கப்பட்டதோடு, தொழிலாளரின் நோய்கள் பற்றிய மற்றொரு கட்டளைச் சட்டமும் உடன்வந்தது. இச்சட்டங்களின் பயனாகவே மாவட்ட மருத்துவமனைகளும் தோட்டத்து டிஸ்பென்சரிகளும் பெருகின. இவை பயனற்றவை என்று கூறுதல் நேர்மையாகாது. எனினும் இவை எவ்வகை நோயை நோயாகக் கண்டன என்பது கவனிக்கத்தக்கது. உழைப்பாளியைப் படுக்கையிற் கிடத்தும் நோய், லயத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நோய், துறைமுகத்தைக் கடந்து நாட்டின் பிற பகுதிகளுக்குச் செல்லக்கூடிய நோய் ஆகியவற்றையே சட்டத்தின் கண் கண்டது. இருபது ஆண்டுகள் ஓசையின்றி வளரும் நோய்க்கு அதில் இடமில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது நம் பொருளுக்கு மிக அண்மையது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. அவ்வியக்கத்தார் நோயாளி வந்து முறையிடும் வரை காத்திருக்கவில்லை. தொழிலாளரின் மலத்தைப் பெற்று நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். புழுவின் முட்டை காணப்பட்டவர், தமக்கு நோயில்லையென்று சொன்ன போதிலும், மருந்துண்ண வேண்டியவராயினர். உடலின் உணர்வை நம்பாது, கண்ணுக்குப் புலப்படாத ஓர் அடையாளத்தை நம்பி மருத்துவம் செய்யும் முறை மலையகத்திற் பெருமளவிற் கையாளப்பட்டமைக்கு இது முற்பட்ட எடுத்துக்காட்டாகும். புழு குருதியை உறிஞ்சுவதால் இரும்புச்சத்துக் குறைகின்றது. குருதிச்சோகையுற்றவன் வேலைசெய்ய மாட்டான். ஆதலால் இவ்வியக்கம் தோட்டத்துக்கும் இலாபமாயிருந்தது. முன்கூட்டியே அறியும் மருத்துவத்தைத் தோட்டங்களில் நடத்தவே முடியாது என்று பின்னாளிற் கூறியவர்களுக்கு 1916 தகுந்த விடையளிக்கும்.

இனி வாயின் நோய்க்கு வருவோம். 1952இல் சுவாட்ஸ் என்பார் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு புதுமையான இறுக்கத்தைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டிற் பம்பாயில் ஜோஷி அதனை விவரித்து, சளிமென்சவ்வின் அடியில் நாரிழையம் பெருகும் நோயெனப் பெயரிட்டார். கன்னத்தின் உட்புறம் வெளிறிப் பளிங்குபோலாகும். விரலால் தடவினால் நார்ப்பட்டைகள் தட்டுப்படும். வாய் சிறிது சிறிதாகத் திறக்க இயலாமற்போகும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக வருவது ஓர் எரிவு: காரம் தாங்காமை.

ஈண்டு ஒரு சொந்த நினைவைக் கூறுதல் பொருந்தும். எம் பாட்டியார் இறுதிக்காலத்தில் ரொட்டியைச் சம்பலுடன் உண்பதில்லை. சம்பலை எங்களுக்குத் தள்ளிவிட்டு, ரொட்டியை வெறுந் தேத்தண்ணியில் நனைத்து உண்பார். ''வயசானா காரம் ஆகாதுப்பா'' என்பதே அவர் தந்த விளக்கம். லயத்தில் வேறு சில முதியவர்களும் அவ்வாறே உண்டமையால் அவ்விளக்கத்தை நாங்கள் ஐயுறவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்து நோயியல் நூலொன்றைப் புரட்டியபோதே அது முதுமையின் அடையாளம் மட்டுமன்று, வேறொன்றின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது தெரிந்தது. அவருக்கு அந்நோய் இருந்ததா என்பதை இனி அறிய வழியில்லை. ஒருவரும் அவருடைய வாயைத் திறந்து பார்த்ததில்லை.

இந்நோய் உண்டாகும் விதம் இன்று ஓரளவு தெளிவாகியுள்ளது. பாக்கிலுள்ள அரிக்கொலின் என்னும் காரப்போலி நார்க்கலங்களைத் தூண்டிக் கொலாசன் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றது. பாக்கிற் செறிந்துள்ள செப்பு, அக்கொலாசன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியத்தின் தொழிலை மிகுவிக்கின்றது. பிணைந்த இழை கரைவதில்லை. வெற்றிலையை விட்டொழித்த பின்னும் வாய் இறுகியே இருப்பதற்குக் காரணம் இதுவாகும். இந்நிலையுற்றோர் எல்லோரும் புற்றுநோயுறுவர் என்பதன்று. கேரளத்து எர்ணாகுள மாவட்டத்தில் 66 நோயாளரைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 1985இல் வெளியிடப்பட்ட ஆய்வில் நூற்றுக்கு 7.6 பேருக்கே வாய்ப்புற்று உண்டாயிற்று. எண்ணிக்கையளவில் அது ஐவர். அந்த ஐவர் யாவர் என்பதை முதலாம் ஆண்டிலேயே சொல்ல முடியுமாயின் மீதி 61 பேருக்கு அச்சமில்லை. புரதக்குறிகளின் வரலாறு தொடங்குவது இவ்வினாவிலேயே.

பாக்கின் குற்றம் நிறுவப்படுவதற்கு நெடுங்காலம் சென்றது என்பதையும் இடையிற் குறிப்பிடல் வேண்டும். 1985இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணியென அறிவித்தது; புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கும் அவ்வாறே என்பது 2004இல் வெளியான தொகுதியிலேயே உறுதியாயிற்று. இடைப்பட்ட காலத்திற் 'புகையிலையை விட்டாற் போதும்' என்றெண்ணிப் பாக்கை மட்டும் மென்றவர்கள் எத்தனை பேரோ.

இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்பது. இதனை எதிர்கொள்ளும் முயற்சியில் 1984 ஒரு திருப்புமுனையாகும். பல்மருத்துவ அறிஞர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் பணியாற்றியோரும், டென்மார்க்கின் புகழ்பெற்ற வாய்நோயியலறிஞர் யென்ஸ் பிண்ட்போர்க்கின் பங்களிப்புடன், நடாத்திய ஆய்வு அவ்வாண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஆய்வின் அடிப்படைக் கருத்து எளிமையானது. வாய் திறந்தால் தெரிவது வாய். அதனைப் பார்க்க நிபுணர் வேண்டுமா? கிராமப்புறச் சுகாதார ஊழியர் 34 பேருக்குச் சிறிதுகாலப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் 52 வாரங்களில் 28,295 பேரின் வாய்களைப் பரிசோதித்தனர். 1,220 பேரிடம், அதாவது நூற்றுக்கு 4.3 பேரிடம், மேலும் ஆராயவேண்டிய மாற்றங்கள் காணப்பட்டன. இவர்களை நிபுணர் மீளப் பரிசோதித்தபோது, ஊழியர் கண்டது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஆனால் மீளப் பரிசோதனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? 1,220 பேரில் 660 பேர் மட்டுமே. ஏறத்தாழப் பாதிப்பேர் வரவேயில்லை. பின்னர் இதே முறையை விரிவாக்கி 57,124 பேரைப் பரிசோதித்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. அதில் அனுப்பப்பட்ட 3,559 பேரில் 2,193 பேர் சென்றனர். நிலைமை சற்றுத் திருந்தியது, அவ்வளவே. அறிவியல் ஏடுகளில் இவ்வெண்கள் 'இணங்கியொழுகும் வீதம்' என்னும் தலைப்பின்கீழ் ஒரு வரியில் முடிகின்றன. வரலாற்று மாணவனுக்கோ அவ்வரியே கட்டுரையின் மையம்.

அதே காலத்திற் புரதங்களின் உலகில் வேறொரு முன்னேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஒரு குறித்த புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் பிறபொருளெதிரிக்கு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, இழையத்தில் அப்புரதம் உள்ள இடத்தைக் காணலாம் என்பதை 1940களின் தொடக்கத்திற் கூன்ஸ் காட்டினார். 1975இற் கோலரும் மில்ஸ்ரைனும் ஒரேவகைப் பிறபொருளெதிரியை வேண்டியவளவு ஆக்கும் வழியைக் கண்டபின் இம்முறை ஆய்வுகூடமெங்கும் பரவியது. 1979இல் பி-53 என்னும் புரதம் கண்டறியப்பட்டது. இயல்பான கலத்தில் இது தோன்றிய சிறிது நேரத்திற்குள் அழிந்துபோவதால் சாயமிட்டாலும் புலப்படாது. இதனை ஆக்கும் பரம்பரையலகு விகாரமுற்றாலோ, பழுதுற்ற புரதம் அழியாது கருவிற் திரளும். வெட்டுமுகத்திற் கபிலநிறப் புள்ளிகளாகத் தெரியும். கலத்தின் காவலன் செத்துக் கிடக்கும் காட்சி என்று அதனைக் கூறலாம். 1992இல் வர்ணகுலசூரியவும் நியூவெல் ஜோன்சனும் வாய்ப்புற்றில் மட்டுமன்றி, புற்றாக மாறக்கூடிய வாய்ப் படலங்களிலும் இப்புரதத்தைத் தேடி எழுதினர். 34 ஊழியரின் கண்களை நம்பிய அதே அறிஞரே எட்டாண்டுகளின் பின் புரதத்தையும் தேடினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவருக்கு இவை இரண்டும் முரண்பட்ட வழிகளாகத் தோன்றவில்லை.

பேராதனைப் பல்மருத்துவ பீடத்தைச் சேர்ந்த திலகரத்னவும் பிரித்தானிய ஆய்வாளரும் இணைந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு நார்ப்பெருக்க நோயை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. நார் பெருகக் குருதிக்கலன்கள் நெரிபடுகின்றன. மேலணிக்கு ஒட்சிசன் குறைகின்றது. அக்குறைவின்போது கலங்களில் எச்.ஐ.எஃப்.-1 அல்ஃபா என்னும் புரதம் திரள்கின்றது. இப்புரதத்தின் மிகுதி, நார்ப்பெருக்கம் புற்றாக மாறுவதோடு தொடர்புடையது என்பது அவ்வாய்வின் முடிவாகும்.

வாய்க்கு அப்பாலும் ஒரு கணம் பார்வையைச் செலுத்துதல் நலம். தாய்லாந்தின் வடகிழக்கில் நெல் விளைக்கும் ஏழை மக்கள் ஆற்றுமீனைப் பச்சையாக உண்பர். அம்மீன்வழியே ஈரற்றட்டைப்புழு பித்தக்கானிற் குடிபுகுந்து, பல பத்தாண்டுகளின் பின் பித்தக்கான் புற்றுநோய்க்குக் காரணமாகின்றது. இப்புழுவை 1994இலேயே புற்றுநோய்க் காரணிகளின் வரிசையிற் சேர்த்தனர். அங்கும் புற்றுக்கு முன் ஓர் இடைநிலை உண்டு. பித்தக்கானின் உள்ளணிக் கலங்கள் படிப்படியாக ஒழுங்கு கெடுவதை நோயியலார் தரம்பிரித்துள்ளனர்; ஜப்பானியக் கனசாவா நகரத்து அறிஞர் அதில் முன்னின்றனர். தரம் உயர உயர, பி-53, எஸ்-100-பி முதலிய புரதங்களின் தோற்றமும் மிகுகின்றது. நோயின் கதை மலையகக் கதையையே ஒத்தது: பழக்கமான ஓர் உணவு, நீண்ட மௌனம், வறியவரின் உடல். ஆனால் ஒரு வேறுபாடு அடிப்படையானது. பித்தக்கான் ஈரலின் உள்ளே மறைந்திருப்பது. அதனை எந்த மருத்துவமாதும் திறந்து பார்க்கவியலாது. புரதக்குறியின்றி அங்கே அவ்விடைநிலையை அறிவது மிகக் கடினம். வாயோ, வெளிச்சம் இருந்தாற் போதும்.

இவ்வேறுபாட்டை மறந்து, வாய்நோய்க்கும் இனிமேல் ஆய்வுகூடமே வழிகாட்டும் என்று சிலர் எழுதுவது எமக்கு உடன்பாடன்று. அதேவேளை, புரத ஆராய்ச்சி வறிய நாட்டுக்கு வேண்டாத ஆடம்பரம் என்னும் கூற்றும் பிழையானதே. முன்னர்க் கூறிய ஐவரை 61 பேரினின்றும் பிரித்தறியக் கண்ணால் இயலாது. யாரை எப்படியாயினும் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், யாரை ஆண்டுக்கொருமுறை பார்த்தாற் போதும் என்று சொல்லத்தக்க ஒரு புரதம் கிடைக்குமாயின், பாதிப்பேர் வராத நாட்டுக்கே அது பெரிதும் பயன்படும். அத்தகைய நம்பகமான தனிப்புரதம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நோயியலார் இன்றும் கலங்களின் ஒழுங்குக்கேட்டின் தரத்தையே முதன்மையாகக் கொள்கின்றனர். 2005இல் இலண்டனிற் கூடிய அறிஞர்கள் 'புற்றுநோய்க்கு முந்திய நிலை' என்ற சொல்லைக் கைவிட்டு, 'புற்றாக மாறும் இயல்புடைய கோளாறு' என்ற தொடரைப் பரிந்துரைத்தமையும் இவ்வையப்பாட்டின் விளைவே.

கண்ணின் வலிமைக்குச் சான்று அதே ஆண்டிற் கேரளத்திலிருந்து கிடைத்தது. திருவனந்தபுர மாவட்டத்தில் 13 ஊராட்சித் தொகுதிகளிற் சில பயிற்சிபெற்ற ஊழியரின் வாய்ப்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டன, ஏனையவை உட்படுத்தப்படவில்லை. புகையிலை, மது ஆகியவற்றைப் பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றால் நிகழும் இறப்பு, பரிசோதனை நடந்த இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இலங்கையின் 34 ஊழியர் தொடக்கிவைத்த வழிமுறை உயிர்காக்கும் என்பது இருபத்தோராண்டுகளின் பின் பாக்குநீரிணைக்கு அப்பால் மெய்ப்பிக்கப்பட்டது.

மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரையே பொருளாகக் கொண்ட ஆய்வொன்று பேராதனை அறிஞர்களால் 2007இல் வெளியிடப்பட்டது. நாள்தோறும் வெற்றிலை மெல்லுதலும் மது அருந்துதலும் இந்நோய்களோடு கொண்ட தொடர்பை அது எடுத்துக்காட்டிற்று. அதற்குள் தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசுடைமையாகி, 1992இற் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மீண்டிருந்தன. தோட்ட மருத்துவமனைகளை அரசு பொறுப்பேற்கும் பணியும் மெதுவாகத் தொடங்கியிருந்தது. உடைமை பலமுறை கைமாறிய போதும் மாறாத ஒன்று உண்டு. மேற்பிரிவு லயத்திலிருந்து ஒருத்தி பேராதனைப் பல்மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமாயின், விடியுமுன் இறங்கி ஹற்றன் நகரை அடைந்து, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் புகையிரதத்திலோ பேருந்திலோ செல்லவேண்டும். நாட்சம்பளத்தில் வாழ்பவளுக்கு அன்றைய பேர் விழாது, அரைப்பேரும் விழாது. நோவில்லாத ஒரு வெண்படலத்துக்காக ஒருநாட் பேரை இழக்கும்படி அவளிடம் நாம் கேட்கின்றோம். 1916இற் கொக்கிப்புழுவுக்காக நுணுக்குக்காட்டியே மலையேறி வந்தது. அன்று எவரும் அவளை இறங்கி வரச் சொல்லவில்லை. வராத 560 பேரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எமக்கு அந்த நுணுக்குக்காட்டியே நினைவுக்கு வருகின்றது.